நீளக் கை ஒன்று, குட்டைக் கை நாலு

மணலில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தலைக்கு மேல் நாற்பது அடித் தண்ணீர். வாயில் காற்றுக் குழாய், முதுகில் சிலிண்டர், இடது கையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பலகை, அதில் நூல் கட்டித் தொங்கும் பென்சில். எதிரே ஒரு பாறை. பாறையின் மேல் ஒரு நட்சத்திர மீன்.

அதன் ஒரு கை என் நடுவிரல் நீளம். மற்ற நாலு கையும் அரிசி நீளம்கூட இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். பலகையில் எதுவும் எழுதாமல் அடுத்த பாறைக்கு நகர்ந்துவிட்டேன். தண்ணீருக்குள் பேச முடியாது. முடிந்திருந்தால் சத்தமாகவே சொல்லியிருப்பேன்: "என்ஜி."

என்ஜி என்றால் எங்கள் ஒரகடம் கம்பெனிப் பாஷையில் தேறாத பொருள். ஓரமாக இருக்கும் சிவப்புத் தொட்டியில் போட வேண்டியது.

படப்பை தாண்டி ஒரு நீச்சல் குளத்தில் நானும் எஸ்தரும் மூழ்கப் படித்த கதையை முன்பு இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். எஸ்தர் முழங்கால் வரை சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு 'ஏசுவே' என்று கத்திக் குதித்ததைப் படித்துச் சிரித்ததாகப் பலர் எழுதியிருந்தீர்கள். அந்த எஸ்தருக்கு நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

ரிஜெக்ட் ராணி

எங்கள் கம்பெனியில் அலுமினியத்தை உருக்கி வண்டிக்கான பாகங்கள் வார்க்கிறார்கள். கடைசி டேபிளில் நான். பொருள் வரும். வெள்ளை வெளிச்சத்தில் பிடித்து நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பேன். கீறல் இருக்கிறதா, ஊசி ஓட்டை இருக்கிறதா, விளிம்பு உடைந்திருக்கிறதா? இல்லையென்றால் பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி. இருந்தால் சிவப்புத் தொட்டி. பதினாலு வருடமாக இதுதான் வேலை.

லைனில் எனக்கு 'ரிஜெக்ட் ராணி' என்று பட்டப் பெயர். முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் காதில் விழும். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் பெருமைதான்.

வீட்டிலும் அப்படியே. ஓரம் கிழிந்த தோசையைத் தட்டில் வைக்க மாட்டேன். காய்கறிக்காரர் என்னைக் கண்டாலே கத்தரிக்காய்க் கூடையைச் சாக்குப் போட்டு மூடுவார். "ஒருநாள் எங்களையும் திருப்பிப் பாத்துட்டு செவப்புத் தொட்டில போட்டுடப் போறா" என்பார் வீட்டுக்காரர்.

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்க் கடலுக்குள் இறக்கினால் என்ன ஆகும்?

முதல் நீலம்

நல்ல யோசனை சொல்லும் குழுவுக்கு எங்கள் கம்பெனியில் ஒரு சுற்றுலா கொடுப்பார்கள். ஒரு வருடம் அது எங்கள் குழுவுக்குக் கிடைத்தது. எங்கே போக வேண்டும் என்று கேட்டார்கள். யாரும் விமானத்தில் ஏறியதில்லை, அதனால் அந்தமான் என்றோம். ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது. விமானம் போகும் என்று மட்டும் தெரியும்.

அங்கே ஒரு சின்னத் தீவில் ஷைலா என்கிற பெண் எங்களைக் கடலுக்குள் கூட்டிப்போனாள். அவள் தாத்தா காலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம். முப்பது வயதுகூட இருக்காது. குரல் மட்டும் சூப்பர்வைசர் குரல்.

"அக்கா, எதையும் தொடக்கூடாது. கண்ணால பாருங்க, கையைக் கட்டிக்குங்க. அச்சா?"

எட்டுப் பேரில் ஆறு பேர் படகிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இறங்கியது நானும் எஸ்தரும்தான். அவள் கையை நான் பிடித்திருந்தேனா, என் கையை அவள் பிடித்திருந்தாளா என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது.

கண்ணைத் திறந்தால், ஒரு பாறை மேல் நீலம்.

அடேயப்பா! கடலுக்குள் கொஞ்சம் ஆழம் போனாலே சிவப்பெல்லாம் மங்கிப் பழுப்பாகிவிடுகிறது. இந்த நீலம் மட்டும் மங்கவில்லை. துவைக்கும்போது கடைசி அலசலுக்குப் போடுவோமே சொட்டு நீலம், அந்த நீலம். ஐந்து கையும் உருண்டையாக, முனை மழுங்கி, பாறையின் வளைவுக்குத் தோதாகப் படுத்திருந்தது. வரைந்து வைத்தது போல அசையாமல் இருந்தது. சாகும்வரை பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது. முகமூடிக்குள் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை.

ஆனால் புத்தி எங்கே போகும்? நடு உடம்பில் கொஞ்சம் தள்ளி, வெளிறின ஒரு புள்ளி தெரிந்தது. அடடா, இவ்வளவு அழகான பொருளில் ஓர் ஊசி ஓட்டையா என்று நினைத்தேன். பக்கத்துப் பாறையிலும் ஒன்று இருந்தது. அதிலும் அதே புள்ளி. 'மொத்த பேட்ச்சும் போச்சு' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மேலே வந்து கேட்டதும் ஷைலா சிரித்தாள். அந்தப் புள்ளி ஒரு சல்லடையாம். அது வழியாகத்தான் கடல் தண்ணீர் உள்ளே போகுமாம். உடம்புக்குள் ஓடுவது அந்தத் தண்ணீர்தான், அதனால்தான் கைகளுக்கு அடியில் இருக்கும் குட்டிக் குட்டிக் கால்கள் நடக்கின்றனவாம். கடலையே உள்ளே வாங்கி நடக்கிற பிராணியைப் பார்த்து ஓட்டை என்று சொன்னவள் நான்.

கேன்டீன் பன்

ஊருக்கு வந்த பிறகும் எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. ஷிஃப்ட் பஸ் ஒரகடம் கூட்ரோடில் சிக்னலுக்கு நிற்கும்போதெல்லாம் எஸ்தர் என் தோளை இடிப்பாள். "இன்னா தேவகி, மறுக்கா எப்போ?" அதன் பிறகுதான் நீச்சல் குளம், பயிற்சி எல்லாம். அடுத்த வருடம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம்.

அந்த முறை ஷைலா எங்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

நீர்ப்புல் வளர்ந்த மணலில் ஒன்று கிடந்தது. தட்டு அகலம், மேலே வரிசையாகக் கறுத்த கொம்புகள். கிட்டப் போனால் குத்தும் என்று பயந்தேன். பெரிய மீன்கள் வாய் வைக்காமலிருக்க இந்த மிரட்டல், மற்றபடி சாது என்றாள் ஷைலா.

பாறை இடுக்கில் ஒரு சின்னஞ்சிறிசு. டார்ச் அடித்தால்தான் அதன் உண்மை நிறம் தெரிந்தது. மிளகாய்ச் சிவப்பு, அதன் மேல் வெள்ளைப் புள்ளிகள் வைத்துக் காது கம்மல் அளவில் இருந்தது. டார்ச்சை அணைத்ததும் காணாமல் போய்விட்டது.

இன்னொன்று மணலுக்குள்ளேயே புதைந்து வாழ்கிறது. வெளியே ஓர் அச்சு மட்டும்தான் தெரியும். ஷைலா கையால் தண்ணீரை லேசாக விசிறியதும் மணல் விலகியது. ஓரமெல்லாம் சீப்புப் பல் வைத்த ஐந்து கை. இரண்டு நிமிடத்துக்குள் மறுபடியும் மணலுக்குள் இறங்கிவிட்டது. நட்சத்திர மீன் நகராது என்று யார் சொன்னது?

பிறகு கையே இல்லாத ஒன்று. ஐந்து மூலையுள்ள தலையணை, அவ்வளவுதான். மேலே வந்ததும் வாயிலிருந்து குழாயை எடுத்த எஸ்தரின் முதல் வார்த்தை, "இன்னாடி அது, நம்ம கேன்டீன் பன்னு அங்க போய்க் குந்திகினு கீது!"

முள்ளு முள்ளாகப் பத்துப் பதினைந்து கையோடு ஒரு பயங்கரத்தையும் பார்த்தோம். அது பவளத்தைத் தின்னும். வயிற்றையே வாய் வழியாக வெளியே தள்ளி, பவளத்தின் மேல் போர்த்தித் தின்னும். அது போன வழியெல்லாம் பவளம் வெளுத்துப் போயிருந்தது. முள் விஷம். தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு வந்தோம். ஆனால் அதுவும் அழகு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஷைலா சொன்னதிலேயே என்னை உலுக்கியது வேறு. நட்சத்திர மீனுக்கு ஒவ்வொரு கை முனையிலும் ஒரு கண் உண்டாம். மங்கலாகத்தான் தெரியுமாம், வெளிச்சம், நிழல், எதிரே பாறை இருக்கிறது என்கிற அளவுக்கு. அதை வைத்துக்கொண்டு வழி தவறாமல் வீடு வந்து சேர்ந்துவிடுமாம். எனக்கு இரண்டே கண்தான். அதையும் கம்பெனியில் வருடா வருடம் பரிசோதித்து, பழுதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

எஸ்தரின் டேபிள்

எஸ்தர் பேக்கிங்கில் வேலை செய்கிறாள். முன்பு பேக்கிங் இல்லை. எனக்குப் பக்கத்து டேபிள்தான், இன்ஸ்பெக்‌ஷன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு முதல் ஷிஃப்ட். எஸ்தரின் பிள்ளை பள்ளிக்கூடத்தில் விழுந்து அடிபட்டுவிட்டான் என்று செக்யூரிட்டி கேட்டுக்கு போன் வந்திருந்தது. டேபிளை விட்டு எழுந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லி மாற்று ஆள் போட்ட பிறகுதான் போக வேண்டும். சூப்பர்வைசரைக் காணவில்லை. பொருள் வந்துகொண்டே இருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன்.

"நீ போ, நா ரெண்டு டேபிளும் பாத்துக்கறேன்."

அவள் ஓடினாள். நான் இரண்டு டேபிளுக்கும் நடுவில் நின்று பார்த்தேன். கை பரபரத்தது. அவள் டேபிளில் கிடந்த அவள் பேனாவாலேயே புள்ளி வைத்தேன், அவளுக்கு மஞ்சள், எனக்குப் பச்சை. இருபது நிமிடத்தில் அவள் வந்துவிட்டாள். பிள்ளைக்கு முட்டியில் சிராய்ப்புதான், பெரிதாக ஒன்றுமில்லை.

இரண்டு வாரம் கழித்து, வாங்கினவர்களிடமிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. விளிம்பில் முடி அளவு வெடிப்பு. எல்லாவற்றிலும் மஞ்சள் புள்ளி. பெட்டியின் சீட்டில் வார்த்த நேரம் இருந்தது. அந்த இருபது நிமிடம்.

குவாலிட்டி மேனேஜர் அறையில் எங்கள் இருவரையும் நிற்க வைத்தார். அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "தேவகி, நீங்க சீனியர். சொல்லுங்க. இது யார் டேபிள்?"

"எஸ்தர் டேபிள் சார்" என்றேன்.

பொய் இல்லை. அது எஸ்தர் டேபிள்தான். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எஸ்தரும் சொல்லவில்லை. தலையைத் திருப்பி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அடுத்த நாள் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். 'பார்வை கவனம் போதாது' என்று அவள் பைலில் எழுதினார்கள்.

அன்று மத்தியானமும் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் குழம்பில் இருந்த கருவாட்டை எனக்கும் வைத்தாள். நான் சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று நினைத்தால் இப்போது என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

ஒன்பதும் முப்பத்தொன்றும்

மணலில் முட்டி போட்டிருந்த இடத்துக்கு வருகிறேன். அது எங்கள் மூன்றாவது பயணம்.

ஷைலா புதிதாக ஓர் இடம் கண்டுபிடித்திருந்தாள். அங்கே நட்சத்திர மீன்கள் எத்தனை என்று எண்ணி, கடலைக் கவனிக்கும் ஒரு குழுவுக்கு அனுப்ப வேண்டும். தரையோரமாக ஐம்பது மீட்டர் கயிறு போட்டாள். கயிற்றுக்கு இரண்டு பக்கமும் கைக்கெட்டும் தூரம் வரை எண்ண வேண்டும். நானும் எஸ்தரும் சேர்ந்து நீந்தினாலும், ஒருவர் பலகையை ஒருவர் பார்க்கக் கூடாது. ஷைலா எங்களுக்கு மேலே மிதந்துகொண்டு எங்கள் காற்றையும் நேரத்தையும் கவனித்தாள்.

படகில் ஏறி இரண்டு பலகையையும் பக்கத்தில் வைத்தாள். என்னுடையதில் ஒன்பது. எஸ்தருடையதில் முப்பத்தொன்று.

"ரெண்டு பேரும் ஒரே கடல்லதான இருந்தீங்க?" என்றாள் ஷைலா.

எஸ்தர் நிதானமாகச் சொன்னாள். "நா பாத்ததெல்லாம் எழுதிக்கீறேன்."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. இத்தனை மீன் கண்ணில் படாமல் போவதாவது? என்னிடமா?

"என் கணக்கைப் போடு ஷைலா. பதினாலு வருஷமா எனக்கு இதான் வேலை. இவ பேக்கிங்."

ஷைலா தலையாட்டிவிட்டு எஸ்தரின் பலகையைத் தண்ணீரில் முக்கி விரலால் அழித்தாள். எஸ்தர் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள். அந்தத் திருப்பலை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன். முகமூடியைக் கழுவக் குனிந்துகொண்டேன்.

கரையில் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். ஷைலா போனில் கணக்கை ஏற்றிக்கொண்டே சொன்னாள். "ஒம்போதுதான்னா கஷ்டம்கா. இந்த இடம் போய்டுச்சுன்னு எழுதிடுவாங்க. கவனிக்கற லிஸ்ட்லேர்ந்தே எடுத்துடுவாங்க." பிறகு போனை என் பக்கம் திருப்பினாள். "ஒண்ணுகூடவா இந்த மாதிரி இல்ல?"

படத்தில் ஒரு நீளக் கை, நாலு குட்டைக் கை.

"இது அடிபட்டதில்ல?" என்றேன்.

"அதுவா கையைக் கழட்டி வுட்டுடும்கா. வுட்ட கை சாவாது. அந்த ஒத்தக் கையிலேர்ந்து வாய், வயிறு, மீதி நாலு கை எல்லாம் மொளைச்சு வரும். மாசக்கணக்கா ஆவும். அதுவரைக்கும் பாக்க இப்படித்தான் கோணலா இருக்கும்."

"அதையும் எண்ணணுமா?"

ஷைலா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உசுரோட இருக்குதுல்ல? எண்ணாம?"

கம்பெனியில் எண்ணிக்கை என்றால் தேறின பொருளின் எண்ணிக்கை. மற்றது கணக்கில் வராது. எனக்கு அது பழகிப்போய், கடலுக்கடியிலும் நான் தேறினதை மட்டும்தான் எண்ணியிருக்கிறேன். நாலு கை உள்ளது, ஒரு கை சூம்பினது, முனை கடிபட்டது எல்லாவற்றையும் கண் பார்த்தது, கை எழுதவில்லை. பார்வையில் குறை இல்லை. குறை வேறு இடத்தில்.

தேநீர் டம்ளரைக் கீழே வைத்தேன். "ஷைலா, அனுப்பாத. எஸ்தர் எண்ணினதுதான் சரி. நான் கோணலா இருந்ததையெல்லாம் தள்ளிட்டேன். தப்பு என்னுது."

ஷைலா விழுந்து விழுந்து சிரித்தாள். எஸ்தர் சிரிக்கவில்லை.

மணலில் நடந்தபோது

அறைக்குத் திரும்பும் வழியில் எஸ்தர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

"மீனுக்காவ ஒடனே சொல்லிட்ட" என்றாள், திரும்பாமலேயே.

ஏழு வருடமாக நாங்கள் பேசாத பேச்சு அது. ஒரே பஸ், ஒரே கேன்டீன், ஒரே கடல். ஒரு தடவைகூட அந்தப் பேச்சு வந்ததில்லை.

"எஸ்தர், அன்னிக்கு டேபிள்ல நாந்தான் இருந்தேன். என்ன மன்னிச்சிடுடி" என்றேன். அழுதேன். வெட்கமில்லாமல் நடுக் கரையில் நின்று அழுதேன்.

அவள் நின்றாள். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதது மத்தவங்களுக்கு."

"நீயாவது அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீ சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்" என்றாள்.

ஊருக்கு வந்த திங்கட்கிழமையே குவாலிட்டி மேனேஜரைப் பார்க்கப் போனேன். பழையவர் வேலை மாறிப் போய்விட்டார். புதியவர் நல்ல மனிதர்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது குளோஸ் பண்ண பைல்மா, இப்போ யாரும் அதைத் தொட மாட்டாங்க" என்றார். அவள் பைலில் அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் எஸ்தரிடம் கேட்டேன், இதைத் தொடரில் எழுதட்டுமா, உன் பேரை மாற்றிவிடட்டுமா என்று. பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். "என் பேரு எதுக்கு மாத்தணும்? நா இன்னா தப்பு பண்ணேன்? உன் பேரையும் மாத்தாத" என்றாள்.

இந்தப் பத்திரிகை எங்கள் கேன்டீனுக்கு வரும். முதல் ஷிஃப்ட்டும் படிக்கும், இரண்டாம் ஷிஃப்ட்டும் படிக்கும். அதனால் நேராகவே எழுதுகிறேன். ஏழு வருடத்துக்கு முன் அந்த இருபது நிமிடம் எஸ்தர் டேபிளில் நின்றது தேவகி. வெடிப்பைப் பார்க்காமல் மஞ்சள் புள்ளி வைத்தது தேவகி. கேட்டபோது வாயை மூடிக்கொண்டதும் தேவகி. எஸ்தரின் பார்வையில் அன்றும் குறையில்லை, இன்றும் குறையில்லை.